பல்பு பழுக்கும் நேரம்

முற்பகல் வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தபோது விளக்குக் கடை அய்யாத்துரை தன் குடோனின் ஷட்டரைத் தரைவரை இழுத்துவிட்டான். உள்ளே இருட்டாயிற்று. விளக்கு விற்கிறவன் முதலில் இருட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று ததேயு நினைத்துக்கொண்டார், அதில் அவருக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது, ஏனென்றால் இருட்டில் எல்லோரும் ஒன்றுதான். பக்கத்தில் கஸ்பார் நின்றான், அவர் மனைவி பிலோமியின் தம்பி, வள்ளத்தில் பாதிப் பங்குக்காரன், தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அத்தானின் முழங்கையைப் பிடித்தவன், கடை வாசல்வரை விடவில்லை. இருவரும் ராத்திரியில் கணவாய் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள். வள்ளத்தின் நடுக்கம்பில் இரண்டு பக்கமும் விளக்குகளைத் தொங்கவிட்டால் வெளிச்சத்துக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்குக் கணவாய் வரும், கணவாய்க்கு இவர்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். போன மழைக்காலத்தோடு பழைய ஜெனரேட்டர் உயிரை விட்டுவிட்டது, விளக்கின் சோக்கையெல்லாம் உப்பு தின்றுவிட்டது, இனி ஒட்டுப்போட்டு ஓட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. கரையில் மற்றவர்கள் எல்.இ.டிக்கு மாறிவிட்டார்கள். எண்ணெய் கொஞ்சமாகக் குடிக்குமாம், ஒரு ஆள் ஒரு கையால் தூக்குகிற ஜெனரேட்டர் போதுமாம், வெளிச்சம் வானத்துக்குச் சிந்தாமல் தண்ணீரிலேயே விழுமாம். இல்லை, பழைய மாதிரி ஹாலைடு பல்பும் பெரிய ஜெனரேட்டரும்தான் வேண்டும் என்றால் அதுவும் இங்கே இருக்கிறது. எது என்று ததேயு சொல்ல வேண்டும். விளக்குக்காரர் அவர்தான். கணவாய் மேலே ஏறிவிட்டதா, எந்தப் பக்கத்து விளக்கை அணைப்பது, எதை விட்டுவைப்பது என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. "நீங்க சொல்லுததுதான் அத்தான், எனக்கு எதுன்னாலும் சரி" என்று கஸ்பார் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான். அந்தப் பேச்சு அப்போதிருந்து தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "சுவிச்சைப் போட்டாச்சு. பழைய மாடல் முதல்ல. பல்பு பழுக்கட்டும், அண்ணாச்சி" என்றான் அய்யாத்துரை.

ஹாலைடு பல்பு போட்டவுடன் எரிகிற சாதி இல்லை. முதலில் ஊதாவாக முனகும், அப்புறம் நீலம் பாயும், அப்புறம்தான் மெல்ல மெல்ல வெள்ளைக்கு வரும். பழுக்கிறது என்றுதான் கரையில் சொல்வார்கள். பின்சந்தில் நிறுத்தியிருந்த பெரிய ஜெனரேட்டர், பல்பு பழுக்கப் பழுக்க, மூட்டை ஏறிய வண்டிக்காரனாக முக்க ஆரம்பித்தது. ததேயு பல்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கஸ்பாரும் திரும்பினான். அய்யாத்துரைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அனுபவஸ்தங்கன்னா இப்படித்தான் நிக்கணும். நேத்து ஒருத்தரு பல்பையே உத்து உத்துப் பாத்துட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டே போனாரு" என்றான். விளக்கைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்பது கடலில் முதல் பாடம். விளக்கைப் பார்த்தவனுக்கு அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கடலே கிடையாது. அந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் ததேயு என்றைக்கோ மாட்டியிருப்பார். எதையும் நேராகப் பார்க்க முடியாத ஆளுக்கு, நேராகப் பார்க்கக் கூடாத தொழில் வாய்த்திருக்கிறது. எதிரே வெள்ளையடித்த சுவர். அந்தச் சுவரின் நடுவில், நடு என்றால் சுவரின் நடு இல்லை, அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே, ஒன்றும் இல்லை. கறுப்பு என்றும் சொல்ல முடியாது, கறுப்பு ஒரு நிறம், அதைப் பார்த்துவிடலாம். இது பார்க்கிற இடத்தில் பார்வை இல்லாமல் போவது. முதலில் கோயிலில்தான் தெரிந்தது. பூசையில் மாதா சுரூபத்தைப் பார்க்கிறார், கிரீடம் இருக்கிறது, அங்கி இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, முகம் இல்லை. தோளைப் பார்த்தார், முகம் வந்துவிட்டது, மாதா அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தார், போய்விட்டாள். இப்படி அந்தப் பூசை முழுக்க மாதாவோடு கண்ணாமூச்சி ஆடினார். மாதாவை ஓரக்கண்ணால் பார்ப்பது பாவத்தில் சேருமா என்று பங்குச்சாமியிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் பயம் வந்தது. பயம்தான், வேறு பேர் கிடையாது. பிலோமிக்குத் தெரியாமல் ஒரு கண் டாக்டரிடம் போனார். டாக்டர் ஊசி முனை வெளிச்சத்தால் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே நடுவில் வடு விழுந்திருக்கிறது, கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயம் இல்லை, ஓரம் கடைசிவரை இருக்கும் என்றார். ஓரம் இருக்கும் என்று அவர் சொன்ன தோரணை, வீடு இடிந்தாலும் மதில் இருக்கும் என்று சொல்வதைப் போலிருந்தது. இனி வெளிச்சத்துப் பக்கம் போகாதீர்கள் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு அன்று ராத்திரியே கடலுக்குப் போனார்.

பிடரி சுட்டது. பல்பு பாதி பழுத்துவிட்டது என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், நெருப்புப் பெட்டி உரசுகிற தூரத்தில் யாரோ நிற்பது மாதிரி ஒரு சூடு. இந்தச் சூடுதானா கண்ணைத் தின்றது? இல்லை, சூடு இல்லை, அந்த ஒரு பருவம்தான், அந்த ஒரு பல்புதான், அவருக்குத் தெரியும். கச்சான் காற்று கொஞ்சம் முரண்டு பிடித்த ஒரு ராத்திரி, அலை எழும்பி விளக்கில் அடித்தது, கொதித்துக்கொண்டிருந்த வெளிக்கண்ணாடி பட்டென்று வெடித்து விழுந்தது. அணைந்துவிடும் என்று பார்த்தால் அணையவில்லை. உள்ளே இருந்த சுண்டுவிரல் அளவுக் குழாய் தன்பாட்டுக்கு எரிந்தது, முன்னைவிட உக்கிரமாக, நீலமாக, கடலே கண் கூசித் திரும்பிப் படுத்த மாதிரி. அன்றைக்கு வந்த கணவாய் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. தண்ணீர் கொதிக்கிறதோ என்று இருந்தது. தூண்டில் முழுசாக இறங்குமுன்னே கணவாய் பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்ததும் இருவரும் முடிவு பண்ணினார்கள், யார் முதலில் சொன்னது என்றுகூட ஞாபகமில்லை, ஒரே நேரத்தில் இரண்டு வாயிலும் வந்த பேச்சு அது: கண்ணாடிதான் வெளிச்சத்தை மறைக்கிறது. மறுநாள் சாயங்காலம் நல்ல பல்பு ஒன்றை எடுத்து, சாக்கில் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பக்குவமாகத் தட்டி, முட்டை உரிக்கிற மாதிரி வெளிக்கண்ணாடியை உடைத்து எடுத்தார்கள். எவ்வளவு சாமர்த்தியம். கரையில் வேறு யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் எல்லோரும் உடைத்துவிடுவார்களே. காலையில் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. பிலோமி பக்கத்து வீட்டுப் பிள்ளை பெற்றவளிடம் சின்னக் கிண்ணத்தில் பால் வாங்கி வந்து இரண்டு பேர் கண்ணிலும் விட்டாள். "ரெண்டு கிழப்பிள்ளையளுக்குப் பாலூட்டுத யோகம் அவளுக்கு" என்று கேலி செய்தாள். சாயங்காலம் சரியாகிவிட்டது, கடலுக்குப் போனார்கள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், விளக்கைப் பார்க்கவே இல்லை. ஆனால் கன்னத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ததேயு இடப்பக்கப் பலகையில் குந்துவார், விளக்கு அவர் வலது பக்கம். கஸ்பார் வலப்பக்கப் பலகையில், அவனுக்கு விளக்கு இடது பக்கம். பருவம் முடிகையில் ததேயுவின் வலது கன்னம் கறுத்துப்போய், பாதி முகம் கழுவாத ஆள் மாதிரி இருக்கிறது என்று பிலோமி சிரித்தாள். கஸ்பாருக்கு இடது கன்னம். அத்தானையும் மச்சினனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு முழுக் கறுப்பன் கிடைப்பான் என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

சுவரில் இப்போது இரண்டு நிழல்கள், கத்தரியால் வெட்டின மாதிரி. பல்பு பழுத்துவிட்டது. "எப்படி? பகலாயிட்டில்லா?" என்றான் அய்யாத்துரை, ஜெனரேட்டர் சத்தத்தில் கத்திக்கொண்டே. இதுதான் எடுக்க வேண்டியது என்று ததேயு நேற்றே தீர்மானித்துவிட்டார், பஸ்ஸில் வரும்போதும் தீர்மானித்தார், கடைப் படி ஏறும்போது இன்னொரு தடவை. காரணம் தயாராக இருந்தது, கணவாய்க்குப் பழகின வெளிச்சம் என்று சொன்னால் போதும், கணவாயிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள். உள்ளே இருக்கிற காரணம் வேறு. இந்தப் பல்பு எரிகிற வள்ளத்தில் அவருக்குக் கண் வேண்டியதில்லை. எந்த விளக்கு எரிகிறது, எது மங்குகிறது என்று பிடரி சொல்லும், கன்னம் சொல்லும். ஒன்றை அணைத்தால் ஜெனரேட்டர் மூச்சு விட்டு இளகும், போட்டால் முக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளே யாரும் யாரோடும் பேச முடியாது. கஸ்பார் ஏதாவது காட்டிக் கூப்பிட்டு, இவர் பார்க்காமல் இருந்துவிட்டால், கேக்கலை மாப்ள என்று காதைத் தொட்டுக் காட்டிவிடலாம். எத்தனை ராத்திரி காதைத் தொட்டிருக்கிறார். செவிடன் என்று பேர் வாங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை, கடலில் பாதிப்பேர் செவிடர்கள்தான், செவிட்டு விளக்குக்காரன் இருக்கலாம். குருட்டு விளக்குக்காரன் என்று ஒருவன் எந்தக் கரையிலும் கிடையாது. தெரிந்துவிட்டால் கஸ்பார் நல்ல மாதிரியாகத்தான் சொல்வான், அவன் குணம் அது, நீங்க வீட்ல இருங்க அத்தான், உங்க பங்கு வந்துரும் என்பான். அதுதான் பயம். பங்கு வந்துவிடும், அவர் வரமாட்டார். காலையில் வள்ளம் கரையேறும்போது ஓடிப்போய்க் கயிறு பிடிக்கிற கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும், அதிலும் கயிறு எங்கே கிடக்கிறது என்று தேடிக்கொண்டு. நாற்பத்தெட்டு வயதில் பிலோமியின் கைப்பிடியில் ஏலக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, அவள் கணவாய் விலை கேட்பதைக் கேட்டுக்கொண்டு, ஆனால் இதையெல்லாம் இப்போது நினைக்க வேண்டியதில்லை. பல்பைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாயைத் திறந்தார். "எல்.இ.டியையும் பாத்துருங்க, அண்ணாச்சி, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அய்யாத்துரை சுவிச்சை அணைத்துவிட்டான். அணைந்த ஹாலைடு ஆறாமல் மறுபடியும் எரியாது, அதன் ரோசம் அப்படி. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

பின்சந்தில் பெரிய ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுச் சின்னதை இழுத்துவிட அய்யாத்துரை கதவைத் திறந்துகொண்டு போனான். கதவிடுக்கு வெளிச்சத்தில் கஸ்பார் நிற்பது தெரிந்தது, தெரிந்தது என்றால் ததேயு ஷட்டரின் கைப்பிடியைப் பார்த்தார், கஸ்பார் அதற்குப் பக்கத்தில் வந்தான். அவன் இவரைப் பார்க்கவில்லை. இவர் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச காலமாகவே இப்படித்தான். முன்பெல்லாம் முகத்துக்கு நேராகப் பேசுகிறவன், இப்போது பேசுவது ததேயுவிடம், பார்வை ததேயுவின் தோளுக்கு மேலே. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நிற்கிறவனின் பார்வை அது, அவனுக்குத் தெரிந்துவிட்டது, எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறான், அக்காளுக்காகப் பார்க்கிறான். இல்லாவிட்டால் முழங்கையை ஏன் பிடிக்க வேண்டும்? ஆண்பிள்ளையை ஆண்பிள்ளை கைப்பிடித்து ரோடு கடத்துவது என்ன வழக்கம்? தப்பான பக்கத்து விளக்கை அணைக்கச் சொன்ன ராத்திரிகளில் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அணை என்றால் அணைக்கிறான், விடு என்றால் விடுகிறான், கணவாய் ஏறவில்லையே அத்தான் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் ததேயு அப்போதே உடைந்திருப்பார். கேட்காமல் இருக்கிறவனிடம் என்னத்தை உடைவது. இன்றைக்குக் கடைக்குக் கூட்டிவந்ததே ஒரு சோதனையாக இருக்கலாம், நீங்க சொல்லுததுதான் என்றதும் சோதனைதான், எந்த விளக்கைக் காட்டுகிறார் பார்ப்போம் என்று. ததேயுவுக்கு அவன்மேல் கோபம் வந்தது. தூக்கி வளர்த்த பயல் இல்லை, ஆனாலும் கல்யாண வீட்டில் இவர் மடியில் தூங்கியிருக்கிறான். கோபம் வந்ததும் தன்மேலேயே ஒரு எரிச்சல் வந்தது. குற்றம் தன்னிடம் வைத்துக்கொண்டு அவனைக் கோபிப்பது எந்த ஊர் நியாயம்.

சின்ன ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததே முதலில் தெரியவில்லை. பூனை அடுப்படியில் படுத்து முனகுகிற அளவுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். அய்யாத்துரை உள்ளே வந்து கதவைச் சாத்தி எல்.இ.டியைப் போட்டான். பழுக்கவில்லை, முனகவில்லை, போட்ட கணம் சுவர் வெளுத்துவிட்டது. ததேயு பிடரியைக் கொடுத்துக் காத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. சூடே இல்லாத வெளிச்சம், செத்தவன் கையைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் தான் எங்கே நிற்கிறோம், விளக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் தடுமாறினார். போச்சு, இதை வாங்கினால் முதல் ராத்திரியே சாயம் வெளுத்துவிடும், எது எரிகிறது எது அணைந்தது என்று கன்னம் சொல்லாது, ஜெனரேட்டர் சொல்லாது, கேக்கலை என்று காதைத் தொட்டுக் காட்டவும் வழியில்லை, ஊசி விழுந்தால் கேட்கும். ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நினைப்பில் சிக்கிக்கொண்டு மனசு நகரமாட்டேன் என்றது. கேட்டது. தெருவில் பழக்காரன் கூவுவது கேட்டது. மேலே தகரத்தில் காக்கை நடப்பது கேட்டது. கஸ்பார் மூச்சு விடுவது கேட்டது. கணவாய் மேலே ஏறினால் வாயால் தண்ணீரைப் பீய்ச்சும், சீத் என்று ஒரு சத்தம், பிள்ளைகள் பல் சந்தில் எச்சில் துப்புகிற மாதிரி. பழைய காலத்தில் காஸ் விளக்கு வைத்துப் போனபோது அதைக் கேட்டிருக்கிறார், எந்தப் பக்கம், எத்தனை தூரம், ஒன்றா கூட்டமா என்று காதே சொல்லும். ஜெனரேட்டர் வந்தபிறகு அந்தச் சத்தம் உலகத்திலேயே இல்லாமல் போயிருந்தது. இப்படி ஒரு பூனைச் சத்தத்தோடு கடலில் இருந்தால் அதை மறுபடியும் கேட்கலாம், கேட்டு விளக்கை அணைக்கச் சொல்லலாம், உள்ளபடியே விளக்குக்காரனாக இருக்கலாம். ஆனால் அதே அமைதியில் கஸ்பார் பேசுவான். ராத்திரி முழுக்க இரண்டு பேர், நடுவில் சத்தம் இல்லாமல். ஏதாவது கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். பெரிய ஜெனரேட்டர் என்றால் ஒளிந்துகொள்ளலாம், கணவாய் கேட்காது. சின்னது என்றால் கணவாய் கேட்கும், ஒளிய இடமில்லை. இதற்கும் அதற்குமாக மனசு போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தபோது அய்யாத்துரை தன்பாட்டுக்குச் சொன்னான்: "இதுல இன்னொரு சௌகரியம், ஒடைஞ்சாலும் பயமில்லை. அந்தப் பழைய பல்பு இருக்கே, வெளிக்கண்ணாடி ஒடைஞ்சு எரிஞ்சிதுன்னா கண்ணு அவுட்டு. அட்டையிலயே போட்டிருக்கான், ஒடைஞ்சா உடனே அணைச்சிருன்னு. யாரு படிக்கா?" ததேயு சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கஸ்பாரும் சிரிக்கவில்லை. அவன் மூச்சு ஒரு தடவை நின்று, பிறகு ஓடியது. அதுவும் கேட்டது.

"சொல்லுங்க அத்தான்" என்றான் கஸ்பார். அவர் சொல்வதற்குள் அவனே சொன்னான்: "என்னயக் கேட்டா பெருசே இருக்கட்டும். அந்தச் சத்தம் பழகிப் போச்சு." ததேயு திகைத்துவிட்டார். சத்தத்தைப் பற்றி வருஷம் முழுக்க அழுதவன் இவன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தவன், இந்தச் சனியனைக் கடலில் தள்ளிவிட்டு வந்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்றவன். "பழுக்குத பல்புதான் நல்லது, சூடு இருந்தா தெம்பா இருக்கு" என்றும் சேர்த்துச் சொன்னான். சூடு எதற்கு இவனுக்கு? அய்யாத்துரை விடுவதாக இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கினான், இரண்டு எல்.இ.டி பெட்டிகளை எடுத்துக் கஸ்பார் கையில் திணித்தான். "கையில எடுத்துப் பாருங்க, எம்புட்டு லேசு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு இளம்பச்சை, எது எதுன்னு மேலயே போட்டிருக்கு பாருங்க." கஸ்பாரைப் பார்ப்பதற்காக ததேயு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கஸ்பார் ஒரு பெட்டியை முகத்தருகே தூக்கினான். கொஞ்சம் விலக்கினான். பிறகு பெட்டி ஏதோ ரகசியம் சொல்லப் போகிறது, அதைக் கேட்கப் போகிறான் என்பது போலத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடையைத் தோளில் இடித்துக்கொண்டு, பெட்டியை விட்டு வேறெங்கோ பார்த்தான். அப்படியே நின்றான். உதடு எழுத்துக் கூட்டியது. அந்த நிற்பு ததேயுவுக்குத் தெரியும். பிலோமி தண்ணீர் எடுக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு அவர் நிற்கிற நிற்பு. வேறு யாரும் அப்படி நிற்கமாட்டார்கள், நிற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்று கஸ்பார் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தான்.

காலண்டரில் ஏதோ ஒரு மாதம். ததேயு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளுக்கு மேலே போகிற பார்வை, இவர் காதுக்குப் பக்கத்தில் தேடின பார்வை, அது சந்தேகம் இல்லையா? அவன் இவரைப் பார்ப்பதற்காகத்தான் இவரைப் பார்க்காமல் இருந்தானா? முழங்கை. பிடித்துக்கொண்டு வந்தது இவரை நடத்த இல்லை. பிறகு ஒன்று வந்தது, மெல்ல, பல்பு பழுக்கிற மாதிரி, முதலில் மங்கலாக, அப்புறம் தாங்க முடியாத வெளிச்சமாக. விடியலில் திரும்பும்போது சுக்கானில் இருப்பது கஸ்பார். துறைமுக வாயில் இரண்டு பக்கமும் கல் குவித்திருக்கிறது, நடுவில் வள்ளம் போக வழி. ஒவ்வொரு விடியலிலும் அவன் கேட்பான், கையைக் காட்டி, சத்தத்தை மீறிக் கத்தி, வழி நேரா அத்தான் என்று. இவர் கையைத் தூக்கி, நேர், நேர் என்று காட்டுவார். இவருக்குத் தெரிந்து சொன்னது இல்லை. சுக்கானில் இருக்கிறவன் நல்ல கண்ணுள்ளவன், கேட்பது ஒரு பேச்சுக்கு, நாமும் ஒரு பேச்சுக்குக் காட்டுவோம் என்று காட்டினது. அவன் கேட்டது பேச்சுக்கு இல்லை. அவன் இவர் கையைப் பார்த்துத்தான் வள்ளத்தை விட்டிருக்கிறான். அப்படியானால் இத்தனை விடியலில் அந்த வழியைப் பார்த்தது யார்? யாரும் இல்லை. கல்லுக்கு நடுவே இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் நம்பி, கண்ணே இல்லாத இடத்தில், கணவாயும் ஜெனரேட்டரும் பங்குமாக, உள்ளே வந்து சேர்ந்திருக்கிறார்கள். ததேயு பெட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா? வெளிச்சம் ஒத்துக்கலையோ?" என்றான் அய்யாத்துரை. "சின்னதே போடு தம்பி" என்றார் ததேயு. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "வெள்ளையா, பச்சையா?" "ஏதாவது ஒண்ணு. சத்தமில்லாதது. சூடு இல்லாதது." கஸ்பார் பதறிப்போனான். "அத்தான், அதுல சத்தமே இல்லையே, நமக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் நிறுத்தினான். "அதுக்குத்தான் மாப்ள" என்றார்.

விளக்குகளை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு நூல் கட்டிக் கொடுத்தான் அய்யாத்துரை. ஜெனரேட்டரைச் சாயங்காலம் மீன் வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னான். பெட்டியின் ஒரு பக்கத்தை இவரும் மறுபக்கத்தை அவனுமாகப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். வெயில் முகத்தில் அறைந்தது. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம், நடுவில் ரோடு, ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள், ஆட்டோக்கள், எவன் எவனோ. விளிம்பில் நின்றார்கள். கஸ்பாரின் வெறுங்கை வழக்கம்போல இவர் முழங்கையைத் தேடிவந்து பிடித்தது. கை ஈரமாக இருந்தது. ஓரங்களில் எல்லாம் அசைந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. "வண்டி வருதா அத்தான்?" என்றான் கஸ்பார். வழி நேரா அத்தான் என்று கேட்கிற அதே குரல். நேர் என்று காட்டக் கை பழக்கத்தில் எழுந்தது. ததேயு அதைக் கீழே இறக்கினார். ஒரு லாரி காற்றை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. இன்னொன்று போயிற்று. எதிர்ப்பக்கம் அவர்கள் பஸ் வந்து நின்று, புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். "எனக்கு நடுவுல ஒண்ணும் தெரியாது மாப்ள" என்றார் ததேயு. "ரொம்ப நாளாச்சு. அந்த ஒடைச்ச பல்புதான். இடது ஓரம்தான் கொஞ்சம் தெளிவா இருக்கு." முழங்கையில் இருந்த பிடி இறுகியது, விட்டது, மறுபடி இறுகியது. கஸ்பார் அழுகிறானோ என்று அவன் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் அவன் முகம் போய்விடும். பெட்டியைப் பார்த்தார், முகம் வந்தது, நனைந்திருந்தது. "எனக்கு வலது" என்றான் கஸ்பார். பெட்டிக்குள் விளக்குகள் ஒன்றோடொன்று இடித்து லேசாகச் சத்தமிட்டன. ததேயு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. வலது என்ன சொல்லுது?" "ஆட்டோ ஒண்ணு வருது. பொறுங்க. போயிட்டு. இடது?" ததேயு நேராகப் பார்ப்பதை விட்டு, இடது ஓரத்தை நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, வா" என்றார். பெட்டியை நடுவில் பிடித்துக்கொண்டு இருவரும் ரோட்டில் இறங்கினார்கள்.